பட்டுக் குடைக்குப் போட்ட கஞ்சி

மருதமுனையில் அந்தக் காலத்தில் கச்சிமுகம்மது என்ற பெயரில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவருக்குச் சுருட்டுக் கடை, ஒருவருக்கு மாட்டு வியாபாரம், ஒருவருக்குப் பள்ளிவாசல் விறாந்தையில் தூங்குவதே முழுநேர வேலை. நாலாவது ஆளைத்தான் ஊர் ‘பரசூட் கச்சி’ என்றது. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட வேண்டிய நெசவுக்காரன், மூவாயிரம் அடி உயரத்தில் விமானத்துக்கு வெளியே காலைத் தொங்கவிட்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கார்னிவல் ருசி கண்டுவிட்டான் என்றார்கள் சிலர். அவனுக்கு ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள் வேறு சிலர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவன் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை.

உண்மைக் காரணம் சின்னது. அவனுக்குப் பயம் போய்விட்டிருந்தது. மகள் மவுத்தாகி அடக்கம் செய்த நாளிலிருந்து பசி, கோபம், ருசி எல்லாமே போய்விட்டிருந்தன. அதில் பயம் போனது மட்டும் தொழிலுக்கு உதவியது. உதவியது என்று அவன் நினைத்தான். விமானம் ஓட்டிய துவான் றஸாக் அப்படி நினைக்கவில்லை.

“காக்கா, பயமில்லாதவன் ரொம்ப நாளைக்குக் குதிக்க மாட்டான்,” என்று றஸாக் ஒருநாள் சொன்னான். அவன் கொழும்பு மலாய்க்காரன், ஆனால் எங்கள் பக்கத்தாரைப்போல அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். “பயம்தான் குடை வளையத்தை இழு இழுன்னு சொல்லும். உங்களுக்கு யாரு சொல்றது?”

“கை சொல்லும்,” என்றான் கச்சிமுகம்மது.

கைதான் அவனை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. உலகச் சண்டைக் காலத்தில் திருகோணமலைக்குப் பக்கத்திலே சீனக்குடா விமானத் தளத்துக்குக் கூலி வேலைக்குப் போனவன் அவன். தார்ப்பீப்பா உருட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாள் காயப்போட்டிருந்த பரசூட் துணி காற்றில் முறுக்கிக்கொண்டதைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டாமல் போய் இழை பிசகாமல் நீவிவிட்டான். வெள்ளைக்கார மேற்பார்வையாளன் அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே அவனைப் பரசூட் மடிக்கிற கொட்டிலுக்கு மாற்றினான். அங்கே மூன்று வருடம். நீள மேசையில் குடையை விரித்து, தைத்துச் சேர்த்த துணிக்கீற்றுகளை ஒவ்வொரு பாளமாக இடமும் வலமும் எடுத்து மடித்து, கயிறுகளைச் சிக்காமல் வளைத்துச் செருகி, பையை மூடி ஊசி குத்துவது வேலை. அந்தக் கொட்டிலில் ஒரு பேச்சு உண்டு: மடிக்கிறவன் தூங்கி விழுந்தால் குதிக்கிறவன் எழும்ப மாட்டான். கச்சிமுகம்மது மடித்ததில் ஒன்றுகூட விரியாமல் போகவில்லை.

சண்டை முடிந்து ஊருக்கு வந்தான், தறியில் உட்கார்ந்தான், ஸைனம்புவைக் கலியாணம் முடித்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் வீட்டுக்குப் போய்க் குடியிருந்தான். மூன்றாம் வருடம் நஸீறா பிறந்தாள். பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் அன்றைக்கே கல்லும் சுண்ணாம்பும் பார்க்கத் தொடங்க வேண்டும். மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காதவனை எங்களூரில் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. தறியை நம்பி வீடு எழும்பாது என்பது தெரிந்துதான், பக்கீர் முகைதீன் முதலாளியின் கார்னிவலோடு அவன் போனான். குதிப்பதற்கு அல்ல. அங்கே குதித்தவன் நீர்கொழும்புப் பறங்கி ஒருவன். கச்சிமுகம்மது அவனுக்குக் குடை மடித்துக் கொடுத்தான். வீட்டு வளவின் தெற்குப் பக்கம் நஸீறாவின் வீட்டுக்கு அத்திவாரமும் போட்டாயிற்று.

பிள்ளைக்கு நாலு வயதாகும்போது குடலைப் புண்ணாக்குகிற நெருப்புக் காய்ச்சல் வந்தது. கார்னிவல் பதுளையில் நின்றது. தந்தி கிடைத்து அவன் வந்து சேர்ந்தபோது காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: இன்னும் ஒரு கிழமைக்குக் கஞ்சித் தண்ணி மட்டும்தான், ஒரு பருக்கைச் சோறும் குடலுக்கு ஆகாது. பிள்ளை சோறு கேட்டு அழுதது. கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு அழுதது. ஒருநாள் அவன் அஸர் தொழப் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், ஸைனம்பு ஒரு பிடி சோற்றைப் பாலில் பிசைந்து ஊட்டிவிட்டாள். பிள்ளை சிரித்துக்கொண்டு சாப்பிட்டதாம். இரண்டாம் நாள் வயிறு வீங்கி மவுத்தாகிவிட்டது.

சோறு ஊட்டிய கதையைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அவன் ஸைனம்புவிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மையித்து அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் “என்னா ஒரு ஸபூர் உள்ள மனுசன்” என்று அவனுடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். புகழ்ந்தவர்களுக்கு என்ன, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். இந்த இரண்டு பேரும்தான் அந்தப் பொறுமைக்குள் குடியிருந்தார்கள். உப்பு முடிந்துவிட்டது, நூல் வந்துவிட்டது, கதவைச் சாத்துங்க. ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்து அவன் கார்னிவலுக்குத் திரும்பியபோது பறங்கி காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தான். இனி யார் குதிக்கிறது என்று முதலாளி தலையில் கை வைத்தார். “நான் குதிக்கன்,” என்றான் கச்சிமுகம்மது, கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தருகிறேன் என்பதுபோல. முதல் குதிப்பிலேயே ஒழுங்காக இறங்கினான். அதற்குப் பிறகு அவன்தான் குதித்தான், அவனேதான் மடித்தான்.

முதலாளியிடம் இரண்டு குடை இருந்தது. ஒன்று சண்டையில் மிஞ்சி ஏலத்துக்கு வந்த வெள்ளைப் பட்டு. மற்றது அமெரிக்க நைலோன், நடுநடுவே செம்மஞ்சள் பாளம் போட்டது. நைலோன் அரை மணித்தியாலத்தில் காயும், பூச்சி அரிக்காது, கன்னத்தில் அறைந்தமாதிரிப் பட்டென்று விரியும். சனத்துக்குத் தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் முதலாளிக்கு அதுதான் பிடிக்கும். கச்சிமுகம்மதுவின் விரலுக்கு அது பிடிபடவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடுகிற துணியை மடித்தால் மடித்தமாதிரியே இல்லை என்பான். பட்டு காய ஒரு பகல் வேண்டும், தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் மெதுவாக, உடம்பு நோகாமல் விரியும். அவன் பட்டைத்தான் எடுப்பான். நெஞ்சில் கட்டுகிற சின்னக் குடை ஒன்றும் இருந்தது. பெரியது விரியாவிட்டால் அதை இழுக்கலாம். பறங்கி அதில்லாமல் விமானத்தில் ஏற மாட்டான். இவன் முதல் நாளே அதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டான். பாரம் என்றான். றஸாக் இரண்டு தரம் சண்டை பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிக் கார்னிவல் கல்முனைக்கு வந்தது. கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் கொட்டில் போட்டார்கள். விமானம் அம்பாறைப் பக்கத்து ஓடுபாதையிலிருந்து எழும்பி வரும். மூன்று குதிப்பு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது: புதன், வெள்ளி, ஞாயிறு. தன் ஊருக்குப் பக்கத்தில் அவன் குதிப்பது அதுதான் முதல் தடவை என்பதால் மருதமுனையே திரண்டு வந்தது. இது ஆகுமான காரியமா என்று யாரோ பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டார்களாம். விழுவதில் குற்றமில்லை, எழும்பாவிட்டால்தான் கேள்வி என்று அவர் சொல்லிவிட்டு, தானும் வந்து முன்வரிசையில் நின்றார்.

புதன்கிழமை கச்சான் வீசியது. ஆடி மாதத்து மேல்காற்று எங்கள் ஊர்க் கூரையைக் கிளப்புவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு மைதானத்தில் கொடி அசையவில்லை. அடியில் ஓய்ந்துவிட்டு மேலே மட்டும் வீசிக்கொண்டிருந்தது. மைதானத்துக்குச் சற்று மேற்கே குதித்தவன், குடை விரிந்தவுடனேயே கடலைப் பார்த்துப் போகத் தொடங்கினான். இந்தக் குடைக்குச் சுக்கான் கிடையாது. தோளுக்கு மேலே நாலு பட்டி. எந்தப் பக்கத்துப் பட்டியை இழுக்கிறோமோ அந்தப் பக்கம் குடை சரியும், அளவு மீறி இழுத்தால் காற்று கொட்டிக் கல்லாய் விழுவோம். மேற்குப் பட்டிகளை நெஞ்சுவரைக்கும் இழுத்துப் பிடித்துப் பார்த்தான். மைதானம் காலுக்குக் கீழே வந்து, கடந்து போயிற்று. அலை உடைகிற இடத்தையும் கடந்து போயிற்று. தண்ணீருக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது நெஞ்சுப்பூட்டைத் திருகி அடித்து, கையிரண்டையும் மேலே தூக்கி, கட்டிலிருந்து நழுவி விழுந்தான். அப்படியும் ஒரு கயிறு மணிக்கட்டைச் சுற்றி இழுத்துவிட்டது.

சாய்ந்தமருதுக்காரர்கள் தோணியில் வந்து அவனையும் குடையையும் தூக்கினார்கள். “பயந்திட்டீங்களா காக்கா?” என்று ஒருவர் கேட்டார். “இல்ல,” என்றான். அது பெருமையல்ல, உண்மை. தண்ணீர் குளிராக இருந்தது, அவ்வளவுதான்.

அவனை முறிவு வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். நனைந்த குடையை ஒரு வண்டிக்காரன் மருதமுனை வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். கையில் எண்ணெய்க்கட்டோடு அவன் வீடு வந்தபோது குடை பெரிய தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்தது. அவன் சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

வியாழன் காலையில் எழும்பி வந்து பார்த்தால் வளவு முழுக்க வெள்ளை. ஈரப்பலா மரத்துக்கும் கிணற்றடித் தென்னைக்கும் இடையில், பாவு கட்டுகிற கயிறுகளை இழுத்துக் கட்டி, ஒரு சுருக்கமில்லாமல் ஸைனம்பு குடையைக் காயப்போட்டிருந்தாள். அதன் கீழே நின்றாள். முகத்தில் வெயில் விழாமல் வெள்ளை நிழல் விழுந்திருந்தது.

“உப்புப் போக மூணு தண்ணியில அலசின,” என்றாள். “நல்லா வந்திரிக்கி.”

உப்பு, நூல், கதவு இந்த மூன்றுக்கும் வெளியே ஒன்றரை வருடத்தில் அவள் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது. “ம்,” என்றான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவனுக்கே தோன்றியது.

அவள் கஞ்சி போட்டதைச் சொல்லவில்லை. மறைத்தாள் என்பதில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டேன் என்று யார் சொல்வார்கள்? நெசவுக்காரர் வீட்டில் துணி என்றால் அலசிய பிறகு கஞ்சி. பாவுக்கும் கஞ்சி, சாரனுக்கும் கஞ்சி, பெருநாள் உடுப்புக்கும் கஞ்சி. தொய்ந்த துணியைத் திருப்பிக் கொடுப்பது அந்த வளவில் மரியாதைக் குறைவு. பட்டு என்பதால் நல்ல மெல்லிய கஞ்சியாகக் காய்ச்சி, துணியால் வடித்து, பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள். வீடே எப்போதும் கஞ்சி வாடை வீசுகிற வீடு. மூக்கு அதைக் கண்டுபிடிக்காது.

விரல் கண்டுபிடித்தது. பின்னேரம் பன்பாய்களை வரிசையாக விரித்து, அவன் மடிக்க உட்கார்ந்தான். மணிக்கட்டு நொந்ததால் மெதுவாகத்தான் எடுத்தான். முதல் பாளத்தைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. பட்டு மொரமொரவென்று நின்றது. இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் மாவு வந்தது.

அது என்ன செய்யும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சீனக்குடாவில் குடை மடிக்கும் முன்னால் பாளங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க வெண்தூள் தூவுவார்கள். இங்கே ஒட்டுவதற்கென்றே செய்த சாமான் ஏறியிருந்தது. பைக்குள் இறுக்கிக் கட்டி, அந்த ஆடி மாதப் புழுக்கத்தில் ஒரு நாள் வைத்தால் பாளத்தோடு பாளம் பிடித்துக்கொள்ளும். வெளியே வரும்போது குடையாக வராது, கயிறாக வரும்.

திரும்ப அலசலாம். வெள்ளிப் பின்னேரத்துக்குள் பட்டு காயாது, ஆனால் நைலோனை எடுத்துக்கொள்ளலாம். கல்முனைக்கு ஒரு சைக்கிள் ஓட்டம். இவ்வளவும் அவனுக்குத் தோன்றியது. அதற்கு அவளிடம் ஒரு வசனம் சொல்ல வேண்டும். ஸைனம்பு, இதுக்குக் கஞ்சி போடக் கூடாது, நீ செஞ்சது பிழை. அந்த ஒரு வசனத்தை எடுத்தால் அதன் பின்னால் மற்றதும் வரும். அதை அவன் ஒன்றரை வருடமாகப் பல்லுக்குள் பிடித்து வைத்திருந்தான். கதவுப் பக்கம் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஏதோ ஒரு மூலையில், செய்த வேலை நன்றாக வந்த திருப்தி இருந்தது. அவன் குனிந்து இரண்டாவது பாளத்தை எடுத்தான். மூன்றாவதை எடுத்தான். இருபத்துநாலையும் மடித்து முடித்துப் பையை மூடி ஊசி குத்தினான். துக்கமும் இல்லை, துணிச்சலும் இல்லை. பேசுவதைவிட விழுவது லேசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு விமானம் எழும்பியது. புதன்கிழமைப் பாடத்தால், றஸாக் இந்தத் தடவை நன்றாக மேற்கே, கரவாகு வட்டை வயல்களுக்கு மேலே கொண்டுபோனான். அங்கே குதித்தால் கச்சான் தள்ளிக்கொண்டுவந்து மைதானத்தில் விடும். “சின்னக் குடையைக் கட்டுங்க காக்கா, கை வேற நோவு,” என்று இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினான். கச்சிமுகம்மது வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, பிஸ்மி சொல்லிக் காலை வெளியே வைத்துக் குதித்தான்.

வளையத்தை இழுத்தான். முதுகில் பை திறந்தது, துணி போகிற இழுப்புத் தெரிந்தது. மூன்று எண்ணும்போது தோளில் வர வேண்டிய உதறல் வரவில்லை. அண்ணாந்து பார்த்தான். வெள்ளைத் துணி தலைக்கு மேலே முறுக்கிய வேட்டியாக நீண்டு படபடத்துக்கொண்டிருந்தது. ஓம், அவன் எதிர்பார்த்ததுதான்.

விழுகிறவர்களுக்குக் கலிமா வாயில் வரும் என்பார்கள். அவனுக்கு அது வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. கை மட்டும் தன்பாட்டில் வேலை செய்தது. கயிறுகளை இரண்டு பிடியாகப் பிரித்துப் பிடித்து அகட்டி உதறியது, விட்டது, மறுபடி பிடித்து உதறியது. தறியில் சிக்கிய இழையை எடுக்கிறமாதிரிப் பொறுமையாக எடுத்தது. அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு விழுந்தான். ஒரு பாளம் பிய்ந்து காற்று வாங்கியது. அடுத்தது. வயல் வரம்பில் நின்ற கொக்குகளை எண்ணக்கூடிய உயரத்தில் மற்றப் பாளங்கள் எல்லாம் சேர்ந்து கிழிகிற சத்தத்தோடு விரிந்தன. குடை ஒரு தரம் ஆடியது, அவ்வளவுதான் நேரம். பிந்தி விதைத்த ஒரு வயலில் தண்ணீருக்குள்ளும் சேற்றுக்குள்ளும் இடுப்புவரை போய் நின்றான்.

சொறிக்கல்முனைக்காரர் ஒருவர் வரம்பால் ஓடிவந்தார். “தம்பி, உயிர் இரிக்கா?” என்று கேட்டுவிட்டு, கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு அவரே குடையைச் சேற்றோடு சுருட்டி வண்டியில் ஏற்றி, அவனையும் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்.

செய்தி அவனுக்கு முன்னால் வந்திருந்தது. ஸைனம்பு வேலிக் கடவலில் நின்றாள். சேற்று உடம்பை மேலும் கீழும் பார்த்தாள்.

“குடை விரியல்லயாம்?”

“காத்து,” என்றான் அவன். “மேல காத்து மாறிட்டு.”

அவள் நம்பினாள். நம்பியதால்தான் சனிக்கிழமை விடிந்ததும் குடையைத் தொட்டிக்குள் போட்டாள், அடுப்பில் கஞ்சிப் பானையை ஏற்றினாள். அவன் முற்றத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, அந்தப் பானை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு ஞாயிறு. வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பது தெரிந்தது. தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

கிணற்றடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. பிறகு ஸைனம்பு அடுப்படிக்குப் போய்ப் பானையை இறக்கிக் கீழே வைத்தாள். கிணற்றடிக்குத் திரும்பி, குடையின் ஒரு ஓரத்தைக் கையில் இழுத்துக்கொண்டு அவன் முன்னால் வந்தாள். சேறும் படாத, தொட்டித் தண்ணீரும் இன்னும் தொடாத இடம் அது. இரண்டு பாளம் இன்னும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் நகத்தை விட்டு அதை உரித்தாள். சரசரவென்று பிரிந்தது.

“இதுவா காத்து?”

அவன் கீழே இறக்கியிருந்த கஞ்சிப் பானையைப் பார்த்தான்.

“நான் போட்ட கஞ்சி.”

“ஓம்.”

அவள் துணியை விடவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் நெசவுக்காரன் மகள், ஏழு வயதிலிருந்து நூல் சுற்றியவள். அடுத்த கேள்வி அவளுக்குத் தானாக வந்தது.

“மடிக்கக்குள்ள உங்களுக்குத் தெரியல்லயா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கை நோவு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நெசவுக்காரன் விரலுக்குக் கஞ்சி தெரியாமல் போகும் என்று அவளிடம் சொல்ல முடியாது. உலகத்தில் வேறு யாரிடமும் சொல்லலாம், அவளிடம் முடியாது.

“தெரிஞ்சிது,” என்றான்.

ஸைனம்பு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள்.

“தெரிஞ்சும் குதிச்சீங்களா?”

“ஓம்.”

“என்னத்துக்கு?”

“உன்னட்டச் சொல்ல ஏலாமப் போச்சு.”

“என்னத்தச் சொல்ல?”

“நீ செஞ்சது பிழை எண்டு.”

அவள் பேசினாள், சத்தம் உயரவில்லை.

“நீங்க மவுத்தாகி இரிந்தா ஊரு என்ன சொல்லும்? மகளுக்கு ஊட்டினதும் அவதான், மாப்பிளைக்குக் கஞ்சி போட்டதும் அவதான் எண்டு சொல்லும். சொன்னா அது பொய்யா? ரெண்டு மையித்தையும் என்ட கையில வெச்சிட்டுப் போகப் பாத்தீங்க. அத நினைச்சீங்களா?”

அவன் நினைக்கவில்லை. வியாழக்கிழமையும் நினைக்கவில்லை, ஆகாயத்திலும் நினைக்கவில்லை. தான் மட்டும் விழுவதாகத்தான் கண்டிருந்தான். இப்போது அந்த வளவையும், அதில் அவன் இல்லாமல், தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இவளையும் கண்டான். மூவாயிரம் அடியில் வராத பயம், வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

“இல்ல,” என்றான். “நினைக்கல்ல.”

“அண்டைக்கு ஒரு வார்த்த ஏசியிருக்கலாம். ரெண்டு அடி அடிச்சிருக்கலாம். நான் பாத்துக்கொண்டே இரிந்த. இண்டைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாரு எண்டு. நீங்க கேக்கவே இல்ல. நீங்க கேக்காம நான் எங்க போய் அழுற?”

கச்சிமுகம்மது வாங்கிலிருந்து இறங்கி, அவளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தான். நடுவில் அந்த ஈரப் பட்டு கிடந்தது.

“பிழைதான் ஸைனம்பு,” என்றான். ஒன்றரை வருடமாகப் பிடித்து வைத்திருந்தது, வெளியே வந்தபோது அவன் பயந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. “சோறு குடுத்தது பிழை. அவ அழுததப் பாத்து, இப்பிடி ஆகும் எண்டு தெரியாமக் குடுத்த நீ. கஞ்சியும் தெரியாமப் போட்ட. நான்தான் தெரிஞ்சு செஞ்சவன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கண்ணை அவன் நேருக்கு நேர் பார்த்து எவ்வளவு காலம் என்று அவனுக்கே தெரியவில்லை.

“மறுகாச் சொல்லுங்க,” என்றாள்.

“எத?”

“சோறு குடுத்தது பிழை எண்டு.”

“சோறு குடுத்தது பிழை.”

“தெரியாம.”

“தெரியாம,” என்றான். “தெரியாமத்தான் குடுத்த.”

அப்போதுதான் ஸைனம்பு அழத் தொடங்கினாள். பட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், பிறகு அதை விட்டுவிட்டு வாய்விட்டு அழுதாள். வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, என்னகா என்று கேட்டாள். கச்சிமுகம்மது கையைக் காட்டி அவளைப் போகச் சொன்னான். பிறகு எழும்பிப் போய்க் கஞ்சிப் பானையைத் தென்னையடியில் கவிழ்த்துவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.